ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்குச் சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடின்பரோவையும் கிளாஸ்கோவையும் தாண்டி, ஹைலண்ட்ஸ் எனப்படும் வடமேற்கு மலைப்பகுதிக்கும் அதையொட்டிய தீவுகளுக்கும் தாமே திட்டமிட்டுச் செல்ல விரும்புவோரை மனத்தில் கொண்டு இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. தமிழ்நாட்டிலிருந்து புறப்படுவோருக்கு விசா, ஓட்டுநர் உரிமம், சைவ உணவு ஆகியவை குறித்து எழும் ஐயங்களும் இவற்றில் அடங்கும். விதிகள் மாறக்கூடியவை, பணம் கட்டுவதற்கு முன் உரிய அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

மே மாதம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையிலான காலமே மற்ற மாதங்களைவிட மழை குறைந்தும் வெயில் கூடியும் இருப்பது. உயர்ந்த சிகரங்களில் அங்கங்கே பனி ஒட்டிக்கொண்டிருக்க, கீழே சாலையோரங்களில் மஞ்சள் பூக்களுடன் முட்புதர்கள் பூத்துக் குலுங்கும். கடிக்கும் பூச்சிகளின் தொல்லை இன்னும் தொடங்கியிராது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை மே மாதத்தில் வருகிறது. ஸ்காட்லாந்துப் பள்ளிகளுக்கோ ஜூன் இறுதியில்தான் விடுமுறை தொடங்குகிறது. ஆகவே குழந்தைகளோடு செல்லும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு, உள்ளூர்க் கூட்டம் வருவதற்கு முன்பே சென்று திரும்பும் வாய்ப்பு தானாகவே அமைகிறது.

ஜூன் மாதத்தின் சிறப்பு அதன் நீண்ட பகல். இன்வர்னஸ் நகரில் ஜூன் பிற்பகுதியில் ஏறக்குறைய 18 மணி நேரம் சூரியன் இருக்கும். இரவு பத்தரை மணிக்கும் வெளியில் நின்று நாளிதழ் படிக்கலாம். டிசம்பரில் அதே ஊரில் பகல் ஆறரை மணி நேரமே என்பதையும், சிற்றூர்களில் பல விடுதிகளும் சில கோட்டைகளும் குளிர்காலத்தில் மூடப்பட்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆகஸ்டில் எடின்பரோவில் தங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே அறை பிடிக்க வேண்டும்: 1947 முதல் அம்மாதத்தில் நடந்துவரும் கலைவிழாக்களால் அறை வாடகை எக்கச்சக்கமாக உயர்ந்துவிடும். செப்டம்பரும் நல்ல மாதமே. மலைச்சரிவுகளை ஊதா நிறமாக்கும் ஹெதர் பூக்களின் கடைசிப் பகுதி கண்ணில் படலாம். மாத இறுதியில் ஆண் மான்களின் உறுமலும் கேட்கத் தொடங்கும்.

எத்தனை நாட்கள் வேண்டும்?

மலைநாட்டுக்கு மட்டும் குறைந்தது ஏழு இரவுகள். பத்து இருந்தால் நிம்மதி. நாடு சிறியது என்பது உண்மைதான். அதன் பரப்பு சுமார் 78,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு. வரைபடத்தில் அப்படிச் சிறியதாகத் தெரிவதால்தான் பலரும் ஒரு வாரத்தில் எட்டு ஊர்களை அடைத்துத் திட்டம் போடுகிறார்கள். ஆனால் கடல் உள்ளே புகுந்த நீண்ட நீர்ப்பிளவுகளையும் ஏரிகளையும் சுற்றிச் சுற்றித்தான் சாலைகள் செல்கின்றன. எதிர்க்கரை கண்ணுக்கு எதிரே இருக்கும், அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். எனவே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் மணிக்கணக்கில் பாருங்கள். கைப்பேசி வரைபடம் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பத்து இரவுகள் உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இது: எடின்பரோவில் இரண்டு, கிளென்கோ அல்லது ஃபோர்ட் வில்லியம் பகுதியில் மூன்று, ஸ்கை தீவில் மூன்று, திரும்பும் வழியில் இன்வர்னஸ் அல்லது அவிமோரில் இரண்டு. கிளென்கோ பகுதியிலும் ஸ்கையிலும் மூன்று மூன்று இரவுகள் என்பதற்குக் காரணம் சோம்பல் அன்று, வானிலை. ஒரு நாள் முழுக்க மலை மேகத்துக்குள் மறைந்து கிடக்கும். மறுநாள் காலை திரை விலகும். ஒரே ஓர் இரவு தங்குபவர் அந்த மேகத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.

எப்போதும் மழை பெய்துகொண்டே இருக்குமா?

எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது மேற்குக் கரை மலைகளில்தான். அங்கே சில இடங்களில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மலைகளைக் கடந்து கிழக்கே இறங்கும்போது காற்று வறண்டுவிடுவதால் எடின்பரோவில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. இது சென்னையில் பெய்யும் மழையில் பாதி அளவே. வேறுபாடு என்னவென்றால் சென்னையில் சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதை அங்கே ஆண்டு முழுவதும் தூறலாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

குடை அங்கே பயன்படாது; காற்றில் திரும்பிக்கொள்ளும். தலைமூடியுள்ள, நீர் புகாத மேலாடையும் அதே வகைக் காற்சட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட, மெல்லிய ஆடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நல்லது, ஏனென்றால் ஒரே முற்பகலில் அவற்றைக் கழற்றவும் மாட்டவும் பலமுறை நேரும். உடலை ஒட்டி அணிவது பருத்தியாக இருக்க வேண்டாம். நனைந்த பருத்தி எளிதில் காயாது, உடல் வெப்பத்தையும் உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? ஷெங்கன் விசா செல்லுமா?

செல்லாது. ஸ்காட்லாந்து ஐக்கிய இராச்சியத்தின் பகுதி என்பதால் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு பிரிட்டனின் ஸ்டாண்டர்டு விசிட்டர் விசா தேவை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் அப்படியே. அந்த விசாவோடு இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்கும் செல்லலாம். இடையில் எல்லைச் சோதனை கிடையாது. பயணத் தேதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைரேகை, புகைப்படம் கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரங்கள் ஆகும் என்றாலும், மே மாதப் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே விண்ணப்பித்துவிடுவது மன அமைதிக்கு உகந்தது.

விண்ணப்பத்தில் அதிகாரிகள் பார்ப்பது இரண்டு: செலவுக்குப் பணம் இருக்கிறதா, ஊர் திரும்புவீர்களா. விண்ணப்பிப்பதற்குச் சில நாட்களுக்கு முன் கணக்கில் திடீரென்று பெருந்தொகை வந்து விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்றையும் இணையுங்கள். வேலை பார்ப்போர் அலுவலகத்தின் விடுப்புக் கடிதத்தையும், தொழில் செய்வோர் வருமான வரிக் கணக்கையும் வைப்பது வழக்கம். விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளை மட்டுமே பதிவு செய்யுங்கள்.

அங்கே எப்படிப் போய்ச் சேர்வது?

தமிழ்நாட்டிலிருந்து ஸ்காட்லாந்துக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா நகரம் ஒன்றில் மாறி எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ இறங்குவது எளிது. லண்டனில் இறங்கிச் செல்ல விரும்புவோர் காலிடோனியன் ஸ்லீப்பர் இரவு ரயிலைக் கவனிக்கலாம்: சனிக்கிழமை தவிர மற்ற இரவுகளில் லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து கிளம்பி, மறுநாள் காலை ஃபோர்ட் வில்லியமில் மலையடிவாரத்தில் இறக்கிவிடும். கட்டணம் கூடுதல்தான்; ஓர் இரவு அறை வாடகை மிச்சமாவதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு கார் ஓட்டலாமா?

ஓட்டலாம். சுற்றுலாவுக்கு வருபவர் 12 மாதங்கள் வரை இந்திய உரிமத்தோடு கார் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. இடப்புறம் ஓட்டுவது, வலப்புறம் ஸ்டியரிங் என்பவை நம் ஊர் வழக்கமே என்பதால், ஐரோப்பாவின் பிற நாடுகளில் வரும் முதல் நாள் தடுமாற்றம் இங்கே இருக்காது. ஆனால் வாடகை நிறுவனங்கள் வயது, உரிமம் பெற்ற காலம் ஆகியவை பற்றிச் சொந்த விதிகள் வைத்திருக்கின்றன. ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்றும் பல நிறுவனங்கள் கேட்கும். ஆட்டோமேட்டிக் வண்டிகள் குறைவு. கியர் வண்டி ஓட்டப் பழகாதவர்கள் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

வேகப் பலகைகள் மைலில் இருக்கும். நடுவில் தடுப்பில்லாத நாட்டுப்புறச் சாலையில் காருக்கு உச்சவரம்பு மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கிலோமீட்டர். வளைவுகளில் அந்த வேகம் சற்றும் பொருந்தாது. மது விஷயத்தில் ஸ்காட்லாந்துச் சட்டம் இங்கிலாந்தைவிடக் கடுமையானது. 2014 டிசம்பர் முதல் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹாலே வரம்பு. இங்கிலாந்தில் அது 80. விஸ்கி வடிப்பாலையைச் சுற்றிப் பார்க்கும் நாளில் ஓட்டுபவர் ருசி பார்க்க வேண்டாம். அவர் பங்கைச் சிறு குப்பியில் ஊற்றி எடுத்துச் செல்லக் கொடுக்கும் வழக்கம் பல ஆலைகளில் இருக்கிறது.

ஒற்றைத்தடச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் பலரையும் அச்சுறுத்துகிறது, விடை எளிது. வடமேற்கிலும் தீவுகளிலும் பல சாலைகள் ஒரே ஒரு வண்டி செல்லும் அகலமே உள்ளவை. சிறு சிறு இடைவெளிகளில், ‘பாசிங் பிளேஸ்’ என்று பலகை நட்டு, சாலை ஓரம் சற்றே அகலப்படுத்தப்பட்டிருக்கும். எதிரே வண்டி தெரிந்தவுடன் உங்களுக்கு அருகிலுள்ள ஒதுங்குமிடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இடப்புறம் இருந்தால் அதற்குள் நுழைந்து நில்லுங்கள். வலப்புறம் இருந்தால் குறுக்கே சென்று நுழையக் கூடாது. சாலையிலேயே உங்கள் இடப்பக்கம் அதற்கு நேராக நின்றுகொண்டால், எதிரே வருபவர் அந்த ஒதுங்குமிடத்துக்குள் வளைந்து உங்களைக் கடந்துபோவார். போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து விரலையோ கையையோ உயர்த்துவார், நீங்களும் உயர்த்துங்கள். அதைச் செய்யாமல் போவது அங்கே மரியாதைக் குறைவு.

இதைவிட முக்கியமானது பின்னால் வரும் வண்டி. நீங்கள் காட்சியை ரசித்துக்கொண்டு மெதுவாகச் செல்லும்போது பின்னால் வருபவர் பணிக்குச் செல்லும் செவிலியராகவோ தபால் ஊழியராகவோ இருக்கலாம். அடுத்த ஒதுங்குமிடத்தில் இடப்புறம் விலகி அவருக்கு வழிவிடுங்கள். ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். சுற்றுலாப் பயணிகள் மீது உள்ளூர் மக்களுக்கு இருக்கும் கோபத்தில் பெரும்பங்கு இதனால் வருவதுதான். ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் நின்றால், குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நார்த் கோஸ்ட் 500 வழித்தடத்தை ஐந்து நாட்களில் முடிக்கலாமா?

முடிக்கலாம், ஆனால் பார்த்தது நினைவில் நிற்காது. 2015-இல் சுற்றுலாவுக்கென்று பெயர் சூட்டப்பட்ட இந்த வழி, இன்வர்னஸில் தொடங்கி வடகடற்கரையைச் சுற்றி மீண்டும் இன்வர்னஸுக்கே வரும். நீளம் 516 மைல், ஏறத்தாழ 830 கிலோமீட்டர். ஒரு வாரத்துக்குக் குறைவாக உள்ளவர்கள் முழுச்சுற்றை விட்டுவிட்டு, அல்லபூலை ஒட்டிய மேற்குக் கரைத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்வதே சிறந்தது. நிலக்காட்சியின் உயிர் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. கிழக்குக் கரைப் பகுதியை விட்டதற்காக வருந்துவோரை நான் பார்த்ததில்லை.

இந்த வழியில் ஆப்பிள்கிராஸ் என்ற சிற்றூருக்குச் செல்லும் ‘பியாலக் நா பா’ கணவாய், கடல்மட்டத்திலிருந்து 626 மீட்டர் உயரம்வரை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. கொல்லிமலையில் ஓட்டிப் பழகியவருக்கு வளைவுகள் புதிதல்ல. ஒற்றைத்தடம் என்பதும், மேலே மூடுபனி எந்த நேரமும் இறங்கும் என்பதும்தான் புதியவை. பெரிய கேம்பர்வேன், கேரவன் ஆகியவற்றோடு இதில் ஏற வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். ஷீல்டாக் ஊரிலிருந்து கடலோரமாகச் செல்லும் வேறு சாலை ஒன்றும் ஆப்பிள்கிராஸுக்கு இருக்கிறது. அது நீளமானது, ஆனால் அச்சமில்லாதது.

ஸ்கை தீவில் கூட்டம் அதிகம் என்கிறார்களே, போகத்தான் வேண்டுமா?

போங்கள், ஆனால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 1995-இல் பாலம் திறக்கப்பட்ட பிறகு தீவு என்ற பெயர் இருந்தும் காரிலேயே சென்றுவிடலாம். 2004 இறுதியில் பாலச் சுங்கமும் நீக்கப்பட்டது. ஓல்டு மேன் ஆஃப் ஸ்டார் பாறை, குவிராங், தேவதைக் குளங்கள் ஆகிய மூன்று இடங்களுக்கே எல்லோரும் காலை பத்து மணிக்கும் மாலை நான்குக்கும் இடையில் செல்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடுவதால், ஏழு மணிக்குள் அங்கே நிற்பவருக்கு வண்டி நிறுத்த இடமும் உண்டு, மலையும் அமைதியாக இருக்கும்.

மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருந்தால் குவிராங்கைத் தேர்ந்தெடுங்கள். கனமான எரிமலைப் பாறை, அதன் கீழிருந்த மெல்லிய படிவுப் பாறைகளின் மேல் தாங்க முடியாமல் சறுக்கி விழுந்ததால் உருவான இடம் அது. பிரிட்டனின் மிகப்பெரிய நிலச்சரிவுப் பகுதி. அங்கே நிலம் இன்றும் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டிருப்பதால், அடியில் செல்லும் சாலையை ஓயாமல் செப்பனிட வேண்டியிருக்கிறது.

தங்குமிடம்தான் ஸ்கையின் உண்மையான சிக்கல். போர்ட்ரீ ஊரில் கோடைக்கால அறைகள் ஆறு மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடுகின்றன. அங்கே கிடைக்காதவர்கள் பாலத்துக்கு இக்கரையில் உள்ள கைல் ஆஃப் லோக்கால்ஷ், பிளாக்டன் ஊர்களில் தேடலாம்.

கார் ஓட்டத் தெரியாது. ரயிலிலேயே பார்க்க முடியுமா?

பெரும்பகுதியைப் பார்க்கலாம், அதுவும் சிறப்பாக. கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வழியாக மேற்குக் கடலோரத்து மாலேக் வரை செல்லும் வெஸ்ட் ஹைலண்ட் இருப்புப்பாதை, ஐரோப்பாவின் அழகான ரயில் பயணங்களில் ஒன்று என்ற பெயருக்குத் தகுதியானது. ஃபோர்ட் வில்லியம் வரையிலான பகுதி 1894-இலும் மாலேக் வரையிலான நீட்டிப்பு 1901-இலும் திறக்கப்பட்டன. இடையில் வரும் ரானக் மூர் என்ற பரந்த சதுப்பு நிலத்தில் அடித்தளம் போட உறுதியான தரை கிடைக்காததால், மரவேர்கள், சுள்ளிக்கட்டுகள், மண், சாம்பல் ஆகியவற்றைக் கொட்டி மெத்தைபோல் பரப்பி, அதன்மேல் தண்டவாளத்தை மிதக்கவிட்டிருக்கிறார்கள். அங்குள்ள கோரூர் நிலையம் 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பொதுச்சாலை எதுவும் அதற்குக் கிடையாது. ரயிலில் இறங்கி, ஏரிக்கரை வரை நடந்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்புவதைத் தவிர அங்கே செய்வதற்கு வேறொன்றும் இல்லை, அதற்காகவே போகலாம். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் இறங்குவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள், ஒரு நாளில் வரும் ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மாலேக்கிலிருந்து ஸ்கை தீவின் ஆர்மடேலுக்குக் கப்பல் இருக்கிறது. இன்வர்னஸிலிருந்து கைல் ஆஃப் லோக்கால்ஷ் வரை செல்லும் மற்றோர் இருப்புப்பாதையும் அழகானதே. ஸ்கையின் உட்பகுதிக்குச் செல்லப் பேருந்துகள் குறைவு. போர்ட்ரீயிலிருந்து கிளம்பும் சிறு வேன் சுற்றுலாக்களில் ஒரு நாள் சேர்ந்துகொள்ளலாம்.

கிளென்ஃபினன் பாலத்தைக் கடக்கும் நீராவி ரயிலுக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. வேறு வழி?

சாதாரண ரயிலில் ஏறுங்கள். 21 வளைவுகள் கொண்ட அதே கான்கிரீட் பாலத்தைத்தான் ஃபோர்ட் வில்லியமிலிருந்து மாலேக் செல்லும் வழக்கமான பயணிகள் ரயிலும் கடக்கிறது, கட்டணமோ பல மடங்கு குறைவு. மாலேக் நோக்கிச் செல்லும்போது இடப்பக்க ஜன்னலோரம் அமர்ந்தால் பாலத்தின் வளைவு தெரியும். நீராவி ரயிலின் புகையைப் படம் எடுக்க வேண்டுமானால் ரயிலுக்குள் இருப்பதைவிடப் பாலத்தை நோக்கிய குன்றில் நிற்பதே நல்லது.

மிட்ஜ் பூச்சிகள் அவ்வளவு மோசமா?

ஆம். கொசுவைவிட மிகச் சிறியவை, தனியாக வராதவை. மே இறுதியில் தலைகாட்டி, ஜூலை, ஆகஸ்டில் உச்சத்துக்கு வந்து, செப்டம்பரில் ஓயும். மேற்குக் கரையின் ஈரமான, காற்றில்லாத காலையும் மாலையுமே அவற்றின் வேளை. நோய் எதையும் பரப்புவதில்லை, ஆனால் சாலையோரம் நின்று தேநீர் குடிக்க முயன்றவரை இரண்டே நிமிடத்தில் காருக்குள் விரட்டிவிடும். அவை பலவீனமாகப் பறப்பவை. மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் பறக்க முடியாது. எனவே ஏரியோர மரநிழலைவிடக் காற்றடிக்கும் கடலோர மேட்டில் தங்குமிடம் பார்ப்பதும், தலைக்குப் போட்டுக்கொள்ளும் மெல்லிய வலை ஒன்றை உள்ளூர்க் கடையில் வாங்கிக்கொள்வதும் போதும். கிழக்குக் கரையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

உண்மையில் கவனிக்க வேண்டியது உண்ணி. புல்லிலும் பெரணியிலும் நடந்து திரும்பிய மாலை முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களைப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து மெல்ல இழுத்தெடுங்கள். அது லைம் நோயைப் பரப்பக்கூடியது என்பதால், அடுத்த வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் செந்நிறத் தடம் பரவினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சைவம் மட்டுமே உண்பவர்கள் சமாளிக்க முடியுமா?

நகரங்களில் கவலையே இல்லை. மலைநாட்டிலும் ஒரளவு பரவாயில்லை. ஆட்டின் உள்ளுறுப்புகளால் ஆகும் ஹேகிஸ் என்ற தேசிய உணவுக்கே பருப்பும் ஓட்ஸும் சேர்த்த சைவ வகை பல உணவகங்களில் கிடைக்கிறது. மிளகு தூக்கலாக இருக்கும், நம் நாவுக்குப் பிடிக்கும். எச்சரிக்கை தேவைப்படுவது சைவம்போல் தெரிபவற்றில்தான். பருப்பு சூப்பைப் பழைய முறையில் செய்பவர்கள் பன்றிக்கால் வேகவைத்த நீரில் செய்வார்கள். உருளைக்கிழங்கு வறுவலைச் சில கடைகளில் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள். இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சிற்றூர்களில் சமையலறை இரவு எட்டு மணிக்கே மூடிவிடும். அதனால் சமையல் வசதியுள்ள குடிலை வாடகைக்கு எடுப்பது தமிழ்க் குடும்பங்களுக்கு ஒத்துவரும். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் ஃபோர்ட் வில்லியம், போர்ட்ரீ கடைகளில் கிடைக்கும். ஊரிலிருந்து பொடி வகைகளும் ஊறுகாயும் கொண்டுபோகலாம். பாலிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் செய்தவற்றை இந்தியாவிலிருந்து எடுத்துச் செல்ல பிரிட்டன் அனுமதிப்பதில்லை. அதனால் நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

பெற்றோருக்கு எழுபது வயது. மலையேறாமல் எதைப் பார்க்கலாம்?

நிறைய இருக்கிறது. ஃபோர்ட் வில்லியம் அருகில் நெவிஸ் ரேஞ்ச் தொங்குவண்டி 650 மீட்டர் உயரம்வரை ஏற்றிச் செல்லும். கிளென்கோ பள்ளத்தாக்கின் மிகச் சிறந்த காட்சிகள் நெடுஞ்சாலை ஓர நிறுத்தங்களிலிருந்தே தெரியும். 1822-இல் தாமஸ் டெல்ஃபோர்டின் திட்டத்தில் திறக்கப்பட்ட காலிடோனியன் கால்வாயில், ஃபோர்ட் அகஸ்டஸ் ஊரின் நடுவே படகுகள் நீர்ப்படிகளில் ஏறி இறங்குவதை ஒரு பெஞ்சில் அமர்ந்து மணிக்கணக்கில் பார்க்கலாம். நெஸ் ஏரியைப் பொறுத்தவரை என் கருத்து வேறு: 37 கிலோமீட்டர் நீளமும் 200 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட அந்த ஏரி, விலங்குக் கதையால் பெற்ற புகழ் அளவுக்கு அழகானதன்று. வழியில் அர்க்கட் கோட்டையில் இறங்கிப் பார்த்துவிட்டு நகரலாம்.

பென் நெவிஸ் சிகரத்தில் ஏற முன்பயிற்சி வேண்டுமா?

பிரிட்டனின் மிக உயரமான சிகரம் அது, 1,345 மீட்டர். எண்ணைப் பார்த்து ஊட்டியைவிடக் குறைவுதானே என்று எண்ணிவிடாதீர்கள். ஏறத் தொடங்குவது கடல்மட்டத்தை ஒட்டிய இடத்திலிருந்து. வழக்கமான பாதையில் ஏறி இறங்க ஏழு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். மே மாதத்திலும் உச்சியில் பனி இருக்கும், பெரும்பாலான நாட்களில் மேகமும் இருக்கும். அந்த மேகத்தில் வழிதவறினால் ஒரு பக்கம் செங்குத்தான வடமுகப் பாறை. வரைபடமும் திசைகாட்டியும் பயன்படுத்தத் தெரியாதவர்கள் தெளிவான நாளில் மட்டும், அல்லது வழிகாட்டியோடு மட்டும் ஏறுங்கள். மலைகளுக்கென்றே தனியாக வெளியாகும் வானிலை அறிக்கையை முந்தைய இரவே படித்துவிட வேண்டும்.

எங்கு வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், தனியார் நிலமானாலும் பொறுப்போடு நடக்கவும் சிறு கூடாரத்தில் ஓரிரு இரவு தங்கவும் அனைவருக்கும் உரிமை தருகிறது. வீட்டுத் தோட்டங்கள், பயிர் நிற்கும் வயல்கள் ஆகியவை விலக்கு. லோமண்ட் ஏரிப் பகுதித் தேசியப் பூங்காவின் சில கரைகளில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அனுமதிச் சீட்டு வேண்டும். இந்த உரிமை வண்டிகளுக்குப் பொருந்தாது என்பதைக் கேம்பர்வேன் எடுப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு அழகான பள்ளத்தாக்குகளில் ஏன் ஆளே இல்லை?

ஆட்கள் இருந்தார்கள். 1746 ஏப்ரல் 16 அன்று இன்வர்னஸ் அருகே கலோடன் போரில் ஸ்டூவர்ட் அரசமரபை மீட்க எழுந்த படை ஒரு மணி நேரத்துக்குள் தோற்றது. அதன்பின் மலைநாட்டுக் குலங்களின் தலைவர்களிடமிருந்த அதிகாரத்தை அரசு பறித்தது. குலத்தலைவர்கள் மெல்ல மெல்ல வாடகை வாங்கும் நிலவுடைமையாளர்களாக மாறினார்கள். குடியானவர்கள் தரும் குத்தகையைவிட ஆட்டுப்பண்ணை அதிக வருவாய் தரும் என்று கண்டபோது, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஊர் ஊராக மக்களை வெளியேற்றினார்கள். சதர்லண்டின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-இலும் 1819-இலும் வீடுகளின் கூரைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. வெளியேறியவர்களில் பலர் கடற்கரைக்கும் கனடாவுக்கும் சென்றார்கள்.

நீங்கள் நடக்கும்போது பெரணிக்கு இடையே முழங்கால் உயரத்தில் செவ்வகமாகக் கற்கள் தெரிந்தால், அது ஒரு வீட்டின் அடிச்சுவர். அருகில் வரப்பு வரப்பாக மேடு தட்டியிருந்தால், அது அவர்கள் பயிர் செய்த நிலம். கலோடன் போர்க்களத்தின் காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கி, அதைப் பயணத்தின் இறுதியில் வைக்காமல் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால், பிறகு காணும் வெற்று நிலங்கள் வேறாகத் தெரியும்.

தீவுக் கப்பல்களை நம்பித் திட்டமிடலாமா?

ஓரளவு. மேற்குத் தீவுகளுக்குக் கால்மாக் என்ற நிறுவனத்தின் கப்பல்கள் செல்கின்றன. அல்லபூலிலிருந்து லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். காரோடு ஏறுவோருக்குக் கோடையில் முன்பதிவு அவசியம், நடந்து ஏறுவோருக்கு இடம் பெரும்பாலும் கிடைக்கும். காற்று கடுமையானால் கப்பல் ரத்தாகும். எனவே தாயகம் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் தீவில் இருக்காதீர்கள். இரண்டு இரவுகளாவது பெருநிலத்தில் இருக்கட்டும். லூயிஸ், ஹாரிஸ் தீவுகளில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதால், சனிக்கிழமையே பெட்ரோலும் உணவும் வாங்கி வைத்துவிடுங்கள்.

கைப்பேசி, மருத்துவம், பணம் குறித்துத் தெரிந்திருக்க வேண்டியவை?

பள்ளத்தாக்குகளில் பல மைல்களுக்குச் சிக்னல் இருக்காது. வரைபடங்களை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். மலையில் ஆபத்து என்றால் 999-ஐ அழைத்து, முதலில் காவல்துறையையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். அக்குழுக்களில் பெரும்பாலோர் ஊதியமில்லாத் தொண்டர்கள். மீட்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் பார்ப்பது இலவசம், ஆனால் மருத்துவமனையில் சேர்த்தால் வெளிநாட்டவருக்குச் செலவு உண்டு. ஆகவே பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம். மலையேற்றமும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

மின்செருகி மூன்று தட்டைக் கால்கள் கொண்ட வகை, இந்தியாவிலிருந்து செல்வோருக்கு அடாப்டர் தேவை. குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். கார்டு ஏறக்குறைய எல்லா இடத்திலும் செல்லும். ஸ்காட்லாந்தில் மூன்று வணிக வங்கிகள் தம் பெயரிலேயே பவுண்டு நோட்டுகளை வெளியிடுகின்றன. அவை செல்லுபடியாகும் பணமே என்றாலும் லண்டன் கடைக்காரர் சிலர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், சென்னையில் மாற்றுவது கடினம். மிச்சமிருப்பதை அங்கேயே செலவழித்துவிடுங்கள்.